காரணம்: பயம் என்று எழுதினேன்

மூலிகை மாத்திரைச் சோதனை ஒன்றில் சேர மறுத்தவர்களின் படிவங்களில், 'மறுத்ததற்கான காரணம்' என்ற கட்டத்தில், 'பயம்' என்று நான் பல முறை எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூடப் பயமாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை.

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆய்வு மையத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினார். புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர். மரக்காணம் உப்பளங்கள் பக்கம் மறுபடியும் ஒரு சோதனை தொடங்குகிறார்களாம். இப்போது காகிதப் படிவம் கிடையாது, கைபேசியில் ஒரு செயலி. மறுப்பவர்களின் காரணத்தை ஐந்தில் ஒன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"மொதல்லயே பயம்னுதான் சார் இருக்குது. எல்லாருக்கும் அதையே தட்டிட்டுப் போறோம். சரிதானே?"

சரி என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்பதை விளக்க அந்த அழைப்பு போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. திண்டிவனத்தில் ஒரு நாளிதழுக்குப் பதினொரு ஆண்டுகள் பகுதிநேரச் செய்தியாளராக இருந்தேன். சாலை விபத்து, தீமிதி, மறியல், ஏரி உடைப்பு. நான் அனுப்பும் செய்தியில் உதவி ஆசிரியர் ஒருவர் வரிக்கு வரி சிவப்பு மையில் 'யார் சொன்னது?' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத வரி அச்சில் வராது. பிறகு பத்திரிகை எங்கள் பகுதிப் பக்கத்தை நிறுத்திவிட்டது. வானூர் அருகே இருந்த மூலிகை ஆய்வு மையத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. ரத்த அழுத்தம் பார்க்க, எடை எடுக்க, படிவம் நிரப்ப, கைநாட்டு வாங்கச் சொல்லித் தந்தார்கள். பயிற்சி அவ்வளவுதான்.

மையத்தில் எனக்கு மேலதிகாரி டாக்டர் சுகுணா. சித்த மருத்துவர், ஐம்பதை ஒட்டிய வயது. சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் அறைக்குள் போகும்போது எல்லோரும் கையில் இருக்கும் காகிதத்தை ஒரு முறை சரிபார்த்துக்கொண்டுதான் போவோம்.

சோதனை இதுதான். கீழாநெல்லியோடு இன்னும் இரண்டு மூலிகை சேர்த்துச் செய்த மாத்திரை. நோயாளிகளுக்குக் கொடுப்பதற்கு முன் ஆரோக்கியமானவர்கள் மூன்று மாதம் அதைச் சாப்பிட வேண்டும். கெடுதல் எதுவும் செய்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்போம். நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும் என்று வெளியில் எல்லோரும் கேட்டார்கள். "அது நமக்குத் தெரியாது. தெரியாததாலதான் இந்தச் சோதனை" என்பார் டாக்டர்.

ஆளைச் சேர்க்கப் போவதற்கு முன் எங்களுக்கு ஒத்திகை வைத்தார். நான்கு பக்கத் தகவல் தாளை நான் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே அவர் உப்பளத் தொழிலாளியாக உட்கார்ந்துகொள்வார். பாதியில் கொட்டாவி விடுவார். "இந்த மாத்திர தின்னா புள்ள பொறக்காதாமே?" என்பார். "உங்க பொண்டாட்டிக்குக் குடுத்தீங்களா மொதல்ல?" என்பார். கடைசியில், "சேர்றீங்களா?" என்று நான் கேட்டதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து இரண்டு நிமிடம் பேசாமல் இருப்பார். அந்த இரண்டு நிமிடமும் நான் வாயைத் திறக்கக் கூடாது. முதல் நாள் நாற்பது விநாடியில் திறந்துவிட்டேன்.

"தணிகாசலம், நீங்க கேள்வி கேட்டீங்க. அவங்க யோசிக்கறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிட்டீங்க."

இன்னொன்றும் சொன்னார். "அவங்க சரிங்கன்னு சொன்னா எழுதிக்காதீங்க. அது உங்களுக்குக் குடுக்கற மரியாதை. சம்மதம் வேற."

இரண்டாயிரத்து ஐந்தின் நடுவில் உப்பளத் தொழிலாளர் ஊர் ஒன்றில் முதல் கூட்டம் போட்டோம். சுனாமி அலை வந்து போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மீனவர் குப்பங்களில் நிவாரணத்துக்குப் பெயர் எழுதாத அமைப்பு இல்லை. உப்பளங்களிலும் கடல் ஏறியிருந்தது, வேலை போயிருந்தது. ஆனால் இவர்கள் ஊர் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. நாங்கள் மேசை போட்டு, மை அட்டையைத் திறந்து வைத்ததும் ஊரே வரிசையில் நின்றது. நான் மகிழ்ந்து போனேன். ஒரே நாளில் தேவையான எண்ணிக்கைக்கு மேல் ஆள் கிடைத்துவிட்டது.

டாக்டர் வரிசையில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டார். கோவிந்தன், உப்பு மூட்டை தூக்குபவர். "எதுக்கு வந்தீங்க, சொல்லுங்க."

"பேரு எழுதறாங்கன்னாங்க."

"எதுக்கு எழுதறாங்க?"

"இன்னாத்துக்குன்னு எழுதி முடிச்சப்புறம் சொல்லுவீங்க இல்ல மேடம்? எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க."

டாக்டர் அதுவரை வாங்கிய படிவங்களை எல்லோர் முன்னாலும் கிழித்தார். இது நிவாரணப் பட்டியல் இல்லை, இதில் வீடு வராது, படகு வராது, அரிசி வராது என்று மூன்று முறை சொன்னார். ஒரு மாதம் கழித்து வருவோம், அப்போதும் தோன்றினால் வாருங்கள் என்றார். ஜீப்பில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். என் ஒரு நாள் வேலை தெருவில் கிழிந்து கிடந்தது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது பத்தில் ஒருவர்தான் வந்தார். பிறகு மழைக்காலம் முழுவதும், பாத்திகளில் வேலை இல்லாத நாட்களில், வீடு வீடாகப் போனேன். சேர வந்த ஆண்களின் காரணங்கள் எளிமையானவை. கோவிந்தனுக்கு நெஞ்சில் மிஷின் வைத்துப் பார்ப்பார்கள் என்பது பிடித்திருந்தது. "நான் குடிச்சதுல உள்ள ஏதாச்சும் மிச்சம் இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரி தெனம் கேக்கறா." ஒருவர் தம்பியிடம் பந்தயம் கட்டிவிட்டு வந்தார். ஒருவர், ஏசி அறையில் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தார்.

பெண்கள் வேறு மாதிரி. நான்கு பக்கத்தையும் கவனமாகக் கேட்டார்கள். மாத்திரையில் என்ன இருக்கிறது என்றார்கள். "கீழாநெல்லியா? எங்க கொல்லையில கெடக்குது, நாங்களே அரைச்சிக் குடிப்போமே" என்று சிரித்தார்கள். ரத்தம் எடுப்பதைப் பற்றிக்கூட முகம் சுளிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில், 'காலை வேலைக்குப் போகும் முன் ஒன்று, நண்பகலில் ஒன்று. ஒவ்வொன்றையும் ஒரு முழு டம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும்' என்று படித்ததும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு, "அப்புறம் சொல்றோம் சார்" என்பார்கள். அப்புறம் வராது. நான் 'பயம்' என்று எழுதுவேன். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். ஒரு முறையல்ல, பல வீடுகளில் பார்த்தேன். என்ன என்று கேட்கவில்லை.

சேர்ந்த ஒரு சில பெண்களில் பச்சையம்மாள் முதலாவது. முப்பத்தைந்து வயது இருக்கும். பாத்தியில் உப்பு வாருவது, கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவது அவர் வேலை. தகவல் தாளை நான் படித்து முடிக்கும் முன்பே கேட்டார்.

"சார், கிட்னி டெஸ்டு உண்டா?"

உண்டு என்றேன். தொடங்கும் முன் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை.

"பேப்பருல எழுதிக் குடுப்பீங்களா?"

"சோதனை முடிஞ்சதும் குடுப்போம். ஏம்மா?"

அவருடைய அக்காவும் உப்பளத்தில் வேலை பார்த்தவர். கால் வீங்கி, முகம் வீங்கி, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். எட்டு மாதத்தில் இறந்துவிட்டார். "கடைசி வரைக்கும் அதுக்கு ஒண்ணும் இல்ல சார். ஒரு தலவலி கெடையாது. எனக்கும் இப்ப ஒண்ணும் இல்ல. அதான் பயமா இருக்குது. ஒண்ணும் இல்லன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா நிம்மதியா இருப்பேன்."

நான் பேசியவர்களில் 'பயம்' என்ற சொல்லைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவர் சேர்ந்தவர்.

கைநாட்டு எடுத்தபோது மூன்று முறை முயன்றோம். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியில் ரேகை தேய்ந்திருந்தது. மை வட்டமாக விழுந்தது, கோடு விழவில்லை. பக்கத்து வீட்டு செல்வி எட்டிப் பார்த்து, "யக்கா, நீ திருடப் போனா போலீசு புடிக்கவே முடியாது" என்றார். டாக்டர் சிரிக்காமல், சாட்சிக் கையெழுத்தை இரண்டாக வாங்கச் சொன்னார்.

பொங்கல் கழிந்த வாரத்தில் முதல் ரத்தப் பரிசோதனை. பாத்திகளைச் சீர்படுத்தும் வேலை இன்னும் தொடங்கவில்லை. எல்லோரையும் வேனில் மையத்துக்கு அழைத்துவந்து, காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து, பன்னும் டீயும் கொடுத்து அனுப்பினோம். பச்சையம்மாளின் சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தது. மாத்திரை தொடங்கியது.

அடுத்த பரிசோதனைக்கு உப்புக் காலம் வந்துவிட்டது. காலையில் மையத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். வேலை விடியலில் தொடங்கி நண்பகலுக்கு மேல் ஒரு மணிக்குத்தான் முடியும். அதனால் ஒரு யோசனை சொன்னேன். நாமே அங்கே போவோம், உப்பள ஓரம் தார்ப்பாய் கட்டி, வேலை முடிந்து ஏறும்போதே ரத்தம் எடுத்துக்கொள்வோம். டாக்டர் கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார். அந்த யோசனைக்காக என்னைப் பாராட்டவும் செய்தார். அதுவரை அவர் என்னைப் பாராட்டியதில்லை.

மூன்றாவது பரிசோதனை முடிவு ஏப்ரலில் வந்தது. பச்சையம்மாளின் சிறுநீரகப் பரிசோதனை அளவு இயல்பான எல்லையைத் தாண்டியிருந்தது. இரண்டாவதிலேயே கொஞ்சம் ஏறியிருந்தது, எல்லைக்குள் என்பதால் விட்டிருந்தோம். டாக்டர் அன்றைக்கே அவருடைய மாத்திரையை நிறுத்தினார். சோதனையைக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம் போனது. மற்றவர்களுக்கும் மாத்திரை நிறுத்தி வைக்கப்பட்டது. பச்சையம்மாளை வரவழைத்து, உள்ளதை மறைக்காமல் சொன்னார்.

பச்சையம்மாள் சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "எங்க அக்கா மாதிரியா மேடம்?"

"இப்ப சொல்ல முடியாதும்மா. மாத்திரையால இருந்தா, சரியாகற வரைக்கும் நாங்கதான் பாப்போம். ஒரு வருஷம் ஆனாலும் மாசா மாசம் டெஸ்ட் எடுப்போம். அது எங்க பொறுப்பு, தாள்லயும் எழுதியிருக்கோம்."

அன்று மாலை டாக்டர் முடிவுத் தாள்களை மேசையில் பரப்பி என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பத்திரிகையில் விபத்துப் பட்டியல் பார்ப்பதுபோல யார், எங்கே, எப்போது என்று பார்த்தேன். பெண்கள் எல்லோருக்கும் கொஞ்சமாவது ஏறியிருந்தது. ஆண்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மாத்திரை ஒன்றுதான், அளவும் ஒன்றுதான்.

"போய்ப் பாருங்க" என்றார் டாக்டர். "கேக்காதீங்க. பாருங்க."

பத்து மாதமாக அந்த ஊருக்குப் போய் வந்திருக்கிறேன். வீடுகளுக்கு மாலையில் போவேன், ரத்தம் எடுக்க ஒரு மணிக்குப் போவேன். வேலை நேரத்தில் உப்பளத்துக்குள் ஒரு முறையும் போனதில்லை. மறுநாள் விடியலில் போய் வரப்பில் உட்கார்ந்தேன். குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதினேன்.

ஆறரை: பெண்கள் பாத்தியில் இறங்கினார்கள். எட்டு: வெயில் உப்பில் பட்டுக் கண் கூசியது. கோவிந்தன் பானையில் மொண்டு இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தார். எட்டே முக்கால்: கோவிந்தன் வரப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி நின்றார். வேலைக்கு வந்தார். பத்து: பெண்கள் கூடையை இறக்கினார்கள். பானையில் தண்ணீர் மொண்டு வாய் கொப்பளித்தார்கள். துப்பினார்கள். பத்தே கால்: மறுபடியும் இறங்கினார்கள். பன்னிரண்டு: செல்வி வாய் கொப்பளித்துத் துப்பினார். ஒரு மணி: ஏறினார்கள்.

ஆறரையிலிருந்து ஒரு மணி வரை எந்தப் பெண்ணும் ஒரு வாய் விழுங்கவில்லை.

சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை தட்டை. ஒரு மரம் இல்லை, புதர் இல்லை, ஒரு ஆள் உயரச் சுவர் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பேருந்திலிருந்துகூட எல்லாம் தெரியும். வேலிக்காத்தான் தோப்பு ஒரு மைல் தள்ளி இருந்தது. இதை நினைவில் வைக்கக் குறிப்பேட்டில் எழுத வேண்டியிருக்கவில்லை.

செல்விதான் பேசினார். "இன்னா சார், காலையிலருந்து எங்களையே பாத்து எழுதிக்கினு இருக்கீங்க? பேப்பருல போடப் போறீங்களா?"

"தண்ணி குடிக்கவே இல்லியேம்மா யாரும்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதே பார்வை. இந்த முறை நான் வாயைத் திறக்காமல் நின்றேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"குடிச்சா போவ வேணாமா சார்?" என்றார் செல்வி. "எங்க போறது? மேஸ்திரி மூஞ்சி முன்னாடியா?"

"வேலைக்கு வர்ற வயசுலயே சொல்லிக் குடுத்துருவாங்க," என்றார் இன்னொரு பெண். "ராவுக்கு மேல குடிக்காத, வாய மட்டும் நனைச்சிக்கன்னு. பழகிடுச்சி. இப்ப தாகமே எடுக்காது."

பச்சையம்மாள் என்னோடு சாலை வரை நடந்து வந்தார். நான் கேட்காமலே சொன்னார். முதல் வாரம் தாளில் சொன்னபடி காலையில் ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனார். எட்டு மணிக்குத் தாங்கவில்லை. தோப்புக்குப் போய் வர முக்கால் மணி நேரம். மேஸ்திரி எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வியை அவர் என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாத்திரையையும் நாக்கில் தண்ணீர் தொட்டு விழுங்கியிருக்கிறார். டப்பாவில் மிச்சமிருந்த மாத்திரைகளை நாங்கள் எண்ணியபோது கணக்கு சரியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. காய்ந்த உடம்போடு ஒரு மணிக்கு ஏறி வந்து, என் தார்ப்பாயின் கீழே கையை நீட்டியிருக்கிறார்.

சாலையில் நின்று அவர் கேட்டார். "இப்ப இன்னா எழுதுவீங்க சார்?"

"பாத்தத எழுதுவேம்மா."

"அப்ப மாத்திரையால இல்லன்னு ஆயிடுமா?"

"ஆயிடலாம்."

"மாத்திரையால இல்லன்னா டெஸ்டும் கெடையாது."

பேருந்து வருகிறதா என்று சாலையைப் பார்த்தேன்.

"மாத்திரையாலன்னே இருக்கட்டுமே சார். உங்களுக்கு இன்னா போவுது? ஒரு வருஷம் பாத்துருவாங்க இல்ல என்னைய. நான் தண்ணி குடிக்காத கதைய எழுதினா, போ, குடின்னு சொல்லி அனுப்பிடுவாங்க. எங்க அக்காவுக்கும் அதத்தான் சொன்னாங்க."

பேருந்து வந்தது. ஏறிவிட்டேன்.

டாக்டரிடம் குறிப்பேட்டைக் கொடுத்தேன். பச்சையம்மாள் கேட்டதையும் சொன்னேன். அவர் குறிப்பை இரண்டு முறை படித்தார். மறுத்தவர்களின் படிவக் கட்டை எடுத்து வரச் சொன்னார். மேலே இருந்ததைப் புரட்டினார். பயம். அடுத்தது. பயம். அடுத்தது. பயம்.

"யார் சொன்னது?" என்றார்.

திண்டிவனத்துச் சிவப்பு மையைப் பத்திரிகையை விட்ட பிறகு அன்றுதான் பார்த்தேன்.

டாக்டர் செய்தது சரியானது. பச்சையம்மாளை ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கச் செய்தார், கூலியை மையம் கொடுத்தது. தண்ணீர் குடிக்கச் சொன்னார். எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு, மையத்தில், ரத்தம் எடுத்தோம். முடிவு எல்லைக்குள் இறங்கியிருந்தது. மற்ற பெண்களுக்கும் அப்படியே. 'சோதனை மாத்திரையுடன் தொடர்பில்லை' என்று நெறிமுறைக் குழு எழுதியது. நிறுத்தி வைத்த சோதனை தொடர்ந்தது, முடிந்தது. உப்பள ஓரத்துத் தார்ப்பாய் சுருட்டி வைக்கப்பட்டது. பெண்களுக்கு நிழலும் மறைவும் வேண்டும் என்று டாக்டர் உப்பள உரிமையாளர்களுக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினார். பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

பச்சையம்மாளுக்கு அவர் கேட்ட காகிதம் கிடைத்தது. சிறுநீரகம் இயல்பு நிலை என்று கையெழுத்தும் முத்திரையும் வைத்து. அதை வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவிவிட்டு, "இது எத்தன நாளைக்கு மேடம் செல்லும்?" என்று கேட்டார். டாக்டர் சுகுணா பதில் சொல்லத் தடுமாறி நான் பார்த்தது அந்த ஒரு முறை. வேலை நேரத்திலும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். பச்சையம்மாள், "சரிங்க" என்றார்.

அந்த ஆண்டு மழை தொடங்கியபோது அடுத்த சோதனைக்கு ஆள் சேர்க்கப் போனேன். வேறு மூலிகை, அதே நான்கு பக்கம், அதே டம்ளர். பச்சையம்மாள் வாசலில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். நான் முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி பேசாமல் இருந்தேன்.

"நான் வரல சார்" என்றார்.

"டெஸ்ட் உண்டும்மா இதுலயும்."

"தெரியும். ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு மறுபடியும் அங்கியேதான் அனுப்புவீங்க." என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "வரலன்னதுக்குக் காரணம் எழுதுவீங்க இல்ல? இன்னா எழுதுவீங்க?"

"நீங்க சொல்றத."

"அப்ப எழுதுங்க. நாலு பக்கத்துல எல்லாம் எழுதியிருக்கீங்க. ஒரு டம்ளர் தண்ணி குடின்னு எழுதியிருக்கீங்க. குடிச்ச தண்ணிய எங்க விடறதுன்னு எழுதல. அத எழுதிக்கினு வாங்க, வரேன்."

அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். கட்டம் போதாமல் தாளின் ஓரத்தில் ஏறி, பின்பக்கம் முடிந்தது. மையத்தில் கணினியில் ஏற்றும் பையன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காரணங்களுக்கு அப்போது ஐந்து எண்கள் இருந்தன. இதற்கு எந்த எண் போடுவது என்று என்னைக் கேட்டான். பிறகு அவனே ஐந்தைப் போட்டான். ஐந்து என்றால் 'மற்றவை'.

அதன் பிறகு என்னை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். பச்சையம்மாளின் சிறுநீரகம் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. ஒரு ஆண்டுக்காவது தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. பார்த்ததை எழுதி அதை அடைத்தவன் நான். மறுபடியும் அந்த வரப்பில் உட்கார்ந்தாலும் அதையேதான் எழுதுவேன். அப்படிச் சொல்லிக்கொள்வதால் தூக்கம் வந்துவிடுவதில்லை.

தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கு அன்று நான் சொன்னது ஒன்றுதான். செயலியில் தட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் விடியலில் போய் வரப்பில் உட்காருங்கள் என்றேன்.

"எத்தன மணி வரைக்கும் சார்?"

"ஒரு மணி வரைக்கும். தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

எதிர்முனையிலிருந்து அவர் கேட்டார். "அங்க பாத்ரூம் இருக்குதா சார்?"